மிதவைச் சட்டை

பசியாவரத்தில் என் அக்கா வீட்டு வாசற்கதவுக்குப் பின்னால் ஓர் ஆணி இருக்கிறது. அதில் ஒரு சட்டை தொங்கும். சட்டை என்று மரியாதைக்குத்தான் சொல்கிறேன். உரச் சாக்கை வெட்டி, வலைக்குக் கட்டுகிற வெள்ளை மிதவைகளை அதில் நெருக்கமாக வைத்து, நைலான் நூலால் தைத்த ஒரு வஸ்து அது. ஆரம்பத்தில் அதைப் பார்த்தவர்கள் யாரோ பழைய வலையைச் சுருட்டி மாட்டியிருக்கிறார்கள் என்று நினைத்தார்கள். அப்படி நினைக்க வேண்டும் என்றேதான் அது அப்படித் தைக்கப்பட்டது. அதனால் வந்த வினையைத்தான் சொல்லப்போகிறேன். ஏரிக்கு நடுவில் இருக்கிற ஊர் என்பதால் காற்றுக்குக் குறைவில்லை. கதவைத் திறந்தால் சட்டை லேசாக ஆடும். மிதவைகள் ஒன்றோடொன்று உரசி, தூக்கத்தில் யாரோ பல்லைக் கடிப்பதுபோலச் சத்தம் வரும். உள்ளே நுழைந்ததும் நான் அக்காவைப் பார்ப்பதற்கு முன் அந்த ஆணியைத்தான் பார்ப்பேன். சட்டை அங்கே தொங்குவது நல்ல சேதியா கெட்ட சேதியா என்பது, அந்த நேரத்தில் மாமா, அதாவது அக்கா புருஷன், எங்கே இருக்கிறார் என்பதைப் பொறுத்தது.

நான் தோணிரேவில் பிறந்த மீனவன் மகன். ஆனால் படகில் ஏறினால் கரை மறைவதற்குள் வாந்தி எடுத்துவிடுவேன். நைனா சில வருஷம் பார்த்தார். பிறகு, "இவன் வயித்துல இருக்கறது மீனுக்குத்தான் தீனி, நமக்கு பிரயோஜனமில்ல" என்று சொல்லி என்னைக் கரையிலேயே விட்டுவிட்டார். அப்படித்தான் பழவேற்காடு கடைத்தெருவில் செல்போன் பழுது பார்க்கிறவன் ஆனேன். ஏரித் தண்ணீரில் விழுந்த போன்களை அரிசியில் புதைத்து வைப்பதுதான் என் பிழைப்பில் பாதி. ஊரார் கண்ணில் நான் கடலோடு தொடர்புள்ள தொழில் செய்பவன்தான். போன்களைக் கரை சேர்க்கிறேன்.

அக்கா அந்தக் காலத்தில் தினமும் மீன் விற்க மார்க்கெட்டுக்கு வருவாள். கூடை காலியானதும், தீவுக்குத் திரும்பும் படகில் ஆள் நிரம்பும்வரை என் கடையில் வந்து உட்காருவாள். மீன் வாடை அடிக்கிறது என்று வாடிக்கையாளர்கள் முகம் சுளிக்கக்கூடாதே என்பதற்காக, கல்லாவுக்குப் பின்னால் ஒரு ஸ்டூல் போட்டு, ஓரம் உடைந்த ஒரு பழைய போனைக் கையில் கொடுத்தேன். அதில் நான் விளையாடிக்கொண்டிருந்த ஒரு சண்டை விளையாட்டு இருந்தது. கிழிந்த துணியும் கையில் ஒரு தடியுமாக ஒருவன் காட்டோரக் கிராமத்தில் கண் விழிப்பான். காட்டைத் தாண்டி ஒரு பாலம். பாலத்தில் கோடரியோடு ஒரு ராட்சதக் காவலாளி. அவனைக் கொன்றால்தான் மிச்ச உலகம் திறக்கும். மிச்ச உலகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. நான் அந்தப் பாலத்தைத் தாண்டியதே இல்லை. அங்கே நான் செத்த சாவுக்கெல்லாம் காரியம் செய்திருந்தால் என் குடும்பம் வருஷம் முழுக்கத் தலைமுழுகிக்கொண்டே இருந்திருக்கும்.

அக்கா ஒரு வாரம் வேடிக்கை பார்த்தாள். பிறகு கேட்டாள்: "ஏன்டா, வெறும் ஒடம்போட ஓடிப்போயி வெட்டு வாங்கறியே, இந்த ஊர்ல ஒரு பட்டறை இருக்குதே, அது இன்னாத்துக்கு?"

எனக்கு அந்தப் பட்டறை கண்ணிலேயே பட்டதில்லை. கத்தியைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். அவள் போனை வாங்கி, பாலத்தின் பக்கமே போகாமல், முதல் கிராமத்தைச் சுற்றியிருந்த காட்டிலேயே நாள்கணக்கில் அலைந்தாள். காட்டுப்பன்றியை அடித்துத் தோல் எடுத்தாள். மரப்பட்டை உரித்தாள். ஆற்றோரம் நண்டு ஓடு பொறுக்கினாள். பட்டறையில் நின்று ஒவ்வொன்றாகக் கோத்தாள். கடைக்கு வருகிற வாலிபர்கள், "இன்னாக்கா, மீன் வித்துட்டு இப்ப பன்னிக் கறி விக்கிறியா" என்று கேலி செய்வார்கள். அவள் நிமிர்ந்து பார்க்க மாட்டாள். "நீ பாலத்தாண்ட போயி சாவு கண்ணு, நான் அப்பறம் வரேன்" என்பாள்.

அவள் செய்த கவசத்தில் ஒரு சூட்சுமம் இருந்தது. பட்டறையில் தலைக்கு, தோளுக்கு, மார்புக்கு, காலுக்கு என்று எல்லாவற்றுக்கும் தகடு செய்யலாம். எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டால் அடி தாங்கும். ஆனால் கனம் கூடிவிடும். கோடரி வரும்போது உருண்டு தப்பிக்க முடியாது, கை பாதிக்கு மேல் எழாது. நான் அதையும் செய்து பார்த்தேன். அதாவது, நகரும் அலமாரியைப் போலப் போய் நின்று செத்துப் பார்த்தேன். அக்கா மார்புக்கும் காலுக்கும் மட்டும் போட்டாள். தோளை வெறுமையாக விட்டாள். ஏன் என்று கேட்டதற்கு, "கைய தூக்க முடியாத கவசம் கவசமாடா? பொட்டி. ஆள வச்சி மூடறதுக்கு" என்றாள். பிறகு பன்றித் தோலும் நண்டு ஓடுமாகப் பாலத்துக்கு நடந்து போய், காவலாளியைச் சுற்றிச் சுற்றி வந்து, அவசரமே இல்லாமல் கொன்றாள். படகுக்காரர் கூப்பிட்டார். போனைக் கல்லா மேல் வைத்துவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். எனக்குத் தெரிந்து அந்த விளையாட்டில் நான் செய்த உருப்படியான காரியம் ஒன்றுதான்: பட்டறையில் சாயத் தொட்டி ஒன்று இருக்கும், அதில் கவசத்தை முக்கி நல்ல இரத்தச் சிவப்பாக்கினேன். "செத்துக் கெடக்கறவனுக்கு செவப்பு எதுக்குடா?" என்று அக்கா கேட்டாள். "பாக்கறவங்களுக்கு அடையாளம் தெரியணும்ல" என்றேன். இருவரும் சிரித்தோம்.

சிரித்துக்கொண்டிருந்த அந்த வருஷத்தில்தான் முகத்துவாரம் நகர ஆரம்பித்தது. ஏரி கடலோடு சேருகிற வாய் அது. மணல் சேர்ந்து அடைக்கும், மழை வெள்ளம் வந்து உடைக்கும். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தள்ளித் திறக்கும். அக்கா வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தாலே அதன் சத்தம் கேட்கும். அந்த வருஷம் சத்தம் மாறிவிட்டது என்று சொன்னாள். முன்பெல்லாம் மூச்சுவிடுவதுபோல ஒரே சீராக இருந்தது, இப்போது நடுநடுவே நின்று எதையோ விழுங்குகிறது என்றாள். மாமா கேட்டும் கேட்காததுபோல நூலைப் பின்னிக்கொண்டிருப்பார். மாமா அதிகம் பேசாதவர். பேசினாலும் காற்றைப் பற்றியும் இறாலைப் பற்றியும் பேசுவார். பயத்தைப் பற்றிப் பேசுவது அவருக்கு வழக்கமில்லை.

இங்கே இரண்டு வழக்கங்களைச் சொல்ல வேண்டும். முகத்துவாரத்தை ஒட்டிய இடங்களில்தான் இறால் நன்றாக விழும். எல்லாரும் ஒரே நாளில் அங்கே வலை கட்ட முடியாது. அதனால் முறை வைத்திருக்கிறார்கள். அதற்குப் பாடு என்று பெயர். இன்று உன் பாடு என்றால் இடம் உன்னுடையது. நீ போகவில்லையென்றால் அது போனதுதான். சுற்று முடிந்து திரும்பி வரும்வரை காத்துக் கிடக்க வேண்டும். காய்ச்சல், கல்யாணம், காற்று என்று எதற்காகவும் பாடு நிற்காது. அடுத்தது, பிறர் வலையைத் தொடாமை. தண்ணீரில் மிதவைகள் கொத்தாகத் தெரிந்தால் எஞ்சினைத் தணித்து, விலகி, சுற்றிப் போக வேண்டும். எஞ்சினின் விசிறி இலை பட்டு ஒருவன் வலை அறுந்தால், அறுத்தவன் ஊர்க்கூட்டத்தில் தலைகுனிந்து நிற்க வேண்டும். எங்கள் ஆட்கள் அப்பன் பெயரை மறந்தாலும் மறப்பார்கள், இதை மறக்க மாட்டார்கள்.

உயிர்காக்கும் உடை கிடையாதா என்று கேட்பீர்கள். ஒரு முறை யாரோ வந்து கொடுத்துவிட்டுப் போனார்கள். நல்ல ஆரஞ்சு நிறம். அதில் ஒன்று கோழி அடைகாக்கப் போயிற்று, ஒன்று பைக் சீட்டாயிற்று, ஒன்றை நான் தலையணையாக வைத்துக்கொண்டேன், சுகமான தலையணை. ஒருவரும் படகில் போடவில்லை. போட்டால், கடல்தாய் கங்கம்மாவை நம்பாதவன் என்று அந்தத் தாய்க்கே தெரியப்படுத்துவதாக ஆகிவிடும். அதைவிட முக்கியம், ஊர் சிரிக்கும். ஆரஞ்சு வெகுதூரத்துக்குத் தெரியும். பயந்தவன் யார் என்று அந்தக் கரையிலிருந்து இந்தக் கரைவரைக்கும் தெரியும்.

அக்கா மாமாவிடம் ஆரஞ்சைப் போட்டுக்கொள்ளச் சொல்லி ஒரு மாதம் கெஞ்சினாள், ஒரு மாதம் பேசாமல் இருந்தாள். பேசாமல் இருந்ததுதான் வேலை செய்தது. கடைசியில் அவர் ஒரு நிபந்தனை போட்டார். "போடறேன். ஆனா அது சட்டைனு எவன் கண்ணுக்கும் தெரியக்கூடாது." படகில் கிடந்தால் வலை மூட்டை மாதிரி இருக்க வேண்டும். ஊர் கண்ணிலிருந்து மறைந்த பிறகுதான் மாட்டுவார். அக்கா சரி என்றாள்.

மறுநாள் என் கடைக்கு வந்தவள் போனைத் தொடவில்லை. மடியில் உரச் சாக்கை விரித்துக்கொண்டு ஊசியைக் கோத்தாள். பழைய வலைகளிலிருந்து அறுத்த மிதவைகளைக் கூடை நிறையக் கொண்டு வந்திருந்தாள். பன்றித் தோலுக்குப் பதில் சாக்கு, நண்டு ஓட்டுக்குப் பதில் மிதவை, பட்டறைக்குப் பதில் என் கல்லா. நானும் சும்மா இருக்கவில்லை. "இதை மாட்டிக்கினு மாமா பாலத்தாண்ட போனா காவலாளி சிரிச்சே செத்துருவான்" என்றேன். அவள் சிரிக்கவில்லை. மார்புக்கு முன்னும் பின்னும் தைத்து முடித்து, என்னை எழுப்பி நிற்கவைத்து மாட்டிப் பார்த்தாள். அளவு சரியாக இருந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தோளுக்கும் ஒரு வரிசை வைத்தாள். பிறகு கழுத்தோரம் இன்னொரு வரிசை. விளையாட்டில் செத்தால் திரும்ப எழுந்துகொள்ளலாம். அதனால் அங்கே அவளுக்கு எது போதும், எது அதிகம் என்று தெளிவாகத் தெரிந்தது. புருஷன் விஷயத்தில் எதுவுமே போதவில்லை. என் காதுவரை மிதவை ஏறிவிட்டது. அந்த உடையில் நான் கண்ணாடியில் பார்த்தபோது, முட்டைக்கோசுக்கு மீசை வைத்ததுபோல இருந்தேன்.

அது ஐப்பசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. அக்கா போனில் சார்ஜ் ஏறவில்லை என்று நான் காலையிலேயே பசியாவரம் போயிருந்தேன். விடிந்தும் வெளிச்சம் சரியாக வரவில்லை. ஏரி சாம்பல் கரைத்ததுபோல இருந்தது. பூநாரைகள் எல்லாம் மேற்கே வெகுதூரம் ஒதுங்கி, அசையாமல் நின்றன. முகத்துவாரத்தின் பக்கமிருந்து சத்தமே கேட்கவில்லை. அதுதான் எனக்கு என்னவோபோல இருந்தது. யாரும் அன்று படகை இறக்கவில்லை. ஆனால் மாமாவின் பாடு அன்றுதான்.

"காத்து திரும்பும்போல கீது" என்று அக்கா சொன்னாள்.

"திரும்பறதுக்குள்ள திரும்பிடறேன்" என்றார் மாமா. தன் தம்பியைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். ஆணியிலிருந்து சட்டையை அக்காதான் எடுத்து வலைக்கு அடியில் வைத்தாள். அவர் அதைப் பார்த்தார். போடுவாரா மாட்டாரா என்பது அந்த முகத்தில் தெரியவில்லை. எஞ்சின் சத்தம் தேய்ந்து மறைந்த பிறகும் அக்கா கரையிலேயே நின்றாள்.

வாடைக் காற்று ஒரே அடியாக இறங்கியது. ஏரித் தண்ணீரைக் கடல் இழுத்துக்கொள்கிற நேரம் அது. என்ன நடந்திருக்கும் என்று யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் கடலோரக் குப்பத்து ஆட்கள் மாமாவின் தம்பியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள், மணல்திட்டில் ஒதுங்கியிருந்தான். தண்ணீர் குடித்து, கண் சொருகி, வாய் பேச முடியாமல் கிடந்தான். அப்படியே படகில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மாமா சட்டையை மாட்டினாரா என்று கேட்க வழியில்லை. ஊர்ப் படகுகள் அந்தக் காற்றிலும் முகத்துவாரத்தைத் தாண்டிப் போயின. ஆளைப் பார்த்துச் சிரிக்கிற ஊர்தான். ஆனால் ஆள் போனால் ஒருவனும் வீட்டில் இருக்க மாட்டான்.

நண்பகலுக்குள் ஒவ்வொன்றாகத் திரும்பின. அக்கா கரையில் குந்தி உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. பெண்கள் அவளைச் சுற்றி நின்று அழுகைக்குத் தயாராக இருந்தார்கள். கடைசிப் படகில் வந்த எதிர்வீட்டுக்காரர் துண்டால் முகத்தைத் துடைத்தபடி சொன்னார்: "போட்டு கவுந்து கெடக்குது. ஆளக் காணோம்மே. ரொம்ப தூரம் பாத்தோம். எவனோ வெளிய வல போட்டிருக்கான், மெதவ கொத்தா கெடக்குது. அத்த சுத்திக்கினு அந்தாண்டயும் பாத்தாச்சி."

அக்கா தலையைத் தூக்கினாள். "எவன் வல?"

"தெரில. நாங்க இன்னாத்துக்கு கிட்ட போறோம்."

"இன்னிக்கி யார் பாடு?"

இந்தக் கேள்விக்குப் பதில் எல்லாருக்கும் தெரியும்.

"இந்தக் காத்துல வெளிய எவன் வல போடுவாண்ணா?" என்றாள். குரலை உயர்த்தவே இல்லை. "அது வல இல்ல. அது எம் புருஷன்."

சொல்லிக்கொண்டே படகில் ஏறிவிட்டாள். மீன்பிடிப் படகில் பெண்கள் ஏறுவது வழக்கமில்லை என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. நானும் ஏறினேன். ஏன் ஏறினேன் என்று இன்றுவரை தெரியாது. முகத்துவாரம் வருவதற்குள் படகின் விளிம்பில் தொங்கிக்கொண்டு காலை இட்லியை ஏரிக்குத் தந்துவிட்டேன். காப்பாற்றப் போன படகில் முதலில் காப்பாற்றப்பட வேண்டிய நிலையில் இருந்தவன் நான்தான். ஆனால் அப்படிக் குனிந்திருந்ததால் தண்ணீர் மட்டத்துக்கு என் கண் இருந்தது. அங்கிருந்து பார்த்தால் அது வலையேதான். சாம்பல் நிற அலையில் வெள்ளை மிதவைகள் ஒரு கொத்தாக ஏறின, இறங்கின. எதிர்வீட்டுக்காரர்கூடப் பழக்கத்தில் எஞ்சினைத் தணித்து விலக்கத் திருப்பினார். அக்கா அவர் கையைப் பிடித்து நேராக்கினாள்.

கிட்டே போனபோதுதான் மிதவைகளுக்கு நடுவில் கறுப்பாக ஒரு தலை தெரிந்தது. கண் திறந்திருந்தது. எங்களைப் பார்த்தது. ஆனால் கை உயரவில்லை. இரண்டு பேராக இழுத்துப் போட்டோம். மாமாவின் உதடு வெளுத்து, வெடித்திருந்தது. தோளிலும் கழுத்திலும் மிதவைகள் தண்ணீரில் மேலெழும்பி இறுகி, கைகள் முழங்கைக்கு மேல் அசையாமல் கட்டிப்போட்டதுபோல இருந்தன. எவ்வளவோ நேரம் கழித்து அவர் பேசினார். "எத்தினி போட்டு வந்துச்சி தெரியுமா. கத்துனேன். காத்துல எனக்கே கேக்கல. கைய தூக்கலாம்னா வரல." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்: "எல்லாம் ரொம்ப மரியாதையா சுத்திக்கினு போனானுங்க."

ஒருவரும் சிரிக்கவில்லை. அக்கா மீன் வெட்டுகிற கத்தியால் அவர் தோளில் இருந்த வரிசையை அறுத்துக்கொண்டிருந்தாள். நைலான் நூல் சீக்கிரம் அறுபடவில்லை. அவ்வளவு இறுக்கித் தைத்திருந்தாள். "பொட்டி தச்சி வச்சிருக்கேன்" என்று தனக்குள் சொன்னாள். பக்கத்தில் கிடந்த எனக்கு மட்டும்தான் கேட்டது.

அதற்குப் பிறகு சட்டையில் தோள் கிடையாது. மார்பும் முதுகும் மட்டும்தான். இன்னொரு மாற்றமும் உண்டு. அதில் எனக்குப் பங்கு இருக்கிறது. ஒரு நாள் அக்கா கடைக்கு வந்து, "தம்பி, கல்யாணத்துக்குப் போட்டுக்கினு வந்தியே, ஊரே சிரிச்சிச்சே, அந்தச் செவப்பு சட்ட எங்கடா?" என்று கேட்டாள். கொடுத்தேன். கடையிலேயே கிழித்து மிதவைகளின் மேல் போர்த்தித் தைத்தாள். மாமா பார்த்தார். அவர் நிபந்தனை என்னவாயிற்று என்று நான் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை. ஊரில் இன்னும் சிரிக்கிறார்கள். எதிர்வீட்டுக்காரர் மட்டும் ஒருநாள் வந்து, மகனுக்கு என்று சொல்லி, தன் உடம்புக்கு அளவு கொடுத்துவிட்டுப் போனார்.

அக்கா இப்போதெல்லாம் மீன் விற்க வருவதில்லை. அந்த ஓரம் உடைந்த போன் அவளிடம்தான் இருக்கிறது. விளையாட்டில் எங்கெங்கோ போய்விட்டாள். பனிமலை, எரிமலை என்று ஏதேதோ சொல்கிறாள். ஆனாலும் நான் பார்க்கும்போதெல்லாம் முதல் கிராமத்துக் காட்டில்தான் தோல் பொறுக்கிக்கொண்டிருக்கிறாள். அங்கே அவளுக்கு இனி ஒன்றும் தேவையில்லை.

இதை அவள் வீட்டில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். இந்த வருஷம் முகத்துவாரம் இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம் நகர்ந்திருக்கிறது. சத்தம் முன்னைவிடக் கிட்டே கேட்கிறது, நடுநடுவே நிற்கிறது. இன்று மாமாவின் பாடு. கதவு காற்றில் மெல்ல வந்து வந்து போகிறது, ஆனால் அந்தப் பல் கடிக்கும் சத்தம் இல்லை. ஆணி வெறுமையாக இருக்கிறது. அது நல்ல சேதி என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அக்கா போனைக் கவிழ்த்து வைத்துவிட்டாள். இருவரும் ஏரியின் மேல் ஒரு சிவப்புப் புள்ளியைத் தேடிக்கொண்டிருக்கிறோம். தெரிந்தால் மட்டும் போதாது. அது படகில் நேராக உட்கார்ந்து வர வேண்டும்.